ஐந்தேமுக்கால் மணி மிஸ்டு கால்

"வாட்ஸப்தான் ஃப்ரீயாச்சே" என்று இனிமேல் யாராவது என்னிடம் சொன்னால், அவர்களோடு பேச்சை அந்த இடத்திலேயே முடித்துக்கொள்வது என்று இருக்கிறேன். எங்கள் ஊரப்பாக்கம் காலனியில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மீதிப் பாதி வீட்டுப் பிள்ளைகள் விசாவுக்காகக் காத்திருக்கிறார்கள். பேறுகாலம் பார்க்கவும் பேரனைப் பார்க்கவும் விமானம் ஏறுகிற அம்மாக்களுக்கு எல்லா வீட்டிலும் ஒரே உபதேசம்தான். சிம்மைக் கழற்று, ரோமிங்கை அணை, வைஃபை இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார், பைசா செலவில்லை. அப்படிப் பைசா செலவில்லாமல் ஒரு மனுஷியின் இடுப்பெலும்பு முறிந்த கதை எனக்குத் தெரியும். வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

லோகநாயகி என் எதிர்வீட்டுக்காரர். வயது அறுபத்தேழு. எனக்கு அவர் லோகாக்கா. காலனியில் மற்றவர்களுக்கு 'ஷ்யாம் அம்மா'. அந்தப் பெயரே எனக்குப் பிடிக்காது. அந்தப் பையன் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, சொந்தச் சம்பளத்தில் நின்றவர். எழுபத்தொன்பதில் சேர்ந்து, முப்பத்தேழு வருஷம் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றார்.

ஆபரேட்டர் என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நடுவில் இருந்து இரண்டு ஊரையும் இணைத்துவிடுகிறவர்தான் ஆபரேட்டர். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சீட்டு. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை நிமிஷம் ஓடியது என்று அதில் எழுத வேண்டும். அந்தச் சீட்டை வைத்துத்தான் பில். லோகாக்கா எழுதிய சீட்டில் ஒரு நிமிஷம் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைப் பார்த்த சாவித்ரிக்கா சொன்னது.

சாவித்ரிக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நைட் ஷிப்ட்டுக்கு ஒத்துக்கற மாப்பிள்ளை கிடைக்கல" என்பார். ஓய்வுப் பணத்தில் முடிச்சூரில் ஒரு சின்ன வீடு வாங்கிக் கீழே ஒரு குடித்தனம் வைத்து, மாடியில் தனியாக இருந்தார். லோகாக்காவின் வீட்டுக்காரர் காலமான பிறகு இவரும் ஊரப்பாக்கத்தில் தனி. பெங்களூரில் சாவித்ரிக்காவின் அண்ணன் மகன் குமரேசன். மெல்போர்னில் லோகாக்காவின் மகன் ஷ்யாம்சுந்தர். உறவென்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான். இருவர் வீட்டுக்கும் நடுவில் தாம்பரம்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் முடிச்சூர் முழுகியது எல்லோருக்கும் தெரியும். கீழ்வீடு முழுகி, மாடிப்படியில் பாதிவரை தண்ணீர் ஏறி நின்றது. மேலே சாவித்ரிக்கா, அவரோடு கீழ்க்குடித்தனக்காரர்கள் நான்கு பேர். கரண்ட் இல்லை. போனில் ஒரு கோடு சார்ஜ். டவர் வந்து வந்து போனது. பேசினால் சார்ஜ் தீர்ந்துவிடும். அப்போது சாவித்ரிக்கா ஒரே ஒரு ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிட்டார். ஊரப்பாக்கத்தில் லோகாக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. இவரும் ஒரு ரிங் கொடுத்துவிட்டு வைத்தார். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா, இருக்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை இப்படி. படகு வரும் வரைக்கும் இரண்டு நாள், ஒரு வார்த்தை பேசாமல் பேசிக்கொண்டார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தினம் காலை ஐந்தேமுக்காலுக்கு முடிச்சூரிலிருந்து ஒரு ரிங் வரும். ஐந்து நிமிஷத்துக்குள் ஊரப்பாக்கத்திலிருந்து பதில் ரிங் போகும். எடுக்கக் கூடாது. எடுத்தால் ஆபத்து என்று அர்த்தம். ரிங்கோ பதிலோ ஆறரை வரைக்கும் வரவில்லை என்றால் மற்றவர் கிளம்பிப் போய்ப் பார்க்க வேண்டும். இதுதான் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் இரண்டு பேரும் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

இதை விளையாட்டு என்று நானும்தான் நினைத்திருந்தேன். ஆறு வருஷம் முன்பு ஒருநாள் காலை ஏழரைக்கு லோகாக்கா வீட்டுக் கேட்டை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். எட்டிப் பார்த்தால் சாவித்ரிக்கா. முட்டிவலிக்காரர், முடிச்சூரிலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம், அங்கிருந்து ட்ரெயின் பிடித்து வந்து நிற்கிறார்.

"லோகு ரிங் குடுக்கல. சாவி உன்கிட்ட இருக்கா ரோகிணி?" என்று கேட்டார்.

மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. திறந்தோம். சர்க்கரை இறங்கி லோகாக்கா சமையலறைத் தரையில் கிடந்தார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை இங்கே எழுத விருப்பமில்லை. எதிர்வீட்டில் இருந்த நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர் வந்து காப்பாற்றினார்.

ஷ்யாமுக்கு இந்தக் கதை தெரியும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் ஜூனில் ஷ்யாமின் மனைவி மிருதுளாவுக்குப் பிரசவம். மிருதுளாவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் லோகாக்கா போவதாக முடிவாயிற்று. அவருக்கு முதல் விமானப் பயணம். மூன்று மாதம். பெட்டியில் பிரசவ மருந்தும் பருப்புப்பொடியும் போவதற்கு முன்பே அவர் செய்த காரியம், தாம்பரத்தில் போன் கடைக்குப் போய் விசாரித்ததுதான். நானும் கூடப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அவர் கேட்ட கேள்விகளுக்கு அந்தப் பெண் இரண்டு தடவை உள்ளே போய் மேலாளரைக் கேட்டுவிட்டு வந்தாள். கடைசியில் லோகாக்காவே சுருக்கமாகச் சொல்லி முடித்தார்.

"ரோமிங் இருக்கட்டும், டேட்டாவை மட்டும் அணைச்சுடறேன். வர்ற கால எடுக்கலைன்னா காசு கிடையாது. நான் அடிச்சு அவங்க எடுக்கலைன்னாலும் காசு கிடையாது. எஸ்எம்எஸ் வந்தா காசு கிடையாது. வாட்ஸப் எல்லாம் வீட்டு வைஃபைல. சரிதானே?"

"கரெக்ட் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

அதன் பிறகு முடிச்சூருக்குப் போய்ச் சாவித்ரிக்காவிடமும் சொல்லிவிட்டு வந்தார். இங்கே ஐந்தேமுக்கால் என்றால் அங்கே பத்தேகால். ஞாயிறு காலை இறங்குகிறேன், திங்களிலிருந்து வழக்கம்போல ரிங் கொடு, நான் பதில் கொடுக்கிறேன். சாவித்ரிக்காவிடம் இருந்தது பட்டன் போன். சித்திரை மாதம் குமரேசன் ஒரு பெரிய டச் போன் வாங்கிக் கொடுத்து, அதில் வாட்ஸப்பும் போட்டு, சாமி படத்தை முகப்பில் வைத்துவிட்டுப் போனான். விரல் நடுக்கத்தில் அவர் ஒருவரைத் தொட்டால் இன்னொருவருக்குப் போயிற்று. பத்து நாளில் சிம்மை மறுபடி பட்டன் போனுக்கு மாற்றிக்கொண்டு, டச் போனைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இதுவும் முக்கியம்.

மெல்போர்னில் நடந்ததை லோகாக்கா திரும்பி வந்த பிறகு என்னிடம் சொன்னார். நான்கு தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்கு அதே அளவு கோபம் வருகிறது.

விமான நிலையத்தில் பெட்டியை வண்டியில் ஏற்றிய கையோடு ஷ்யாம், "அம்மா, போனைக் குடுங்க" என்று வாங்கினான். சட்டைப் பையில் ஒரு சின்னக் கம்பி தயாராக வைத்திருந்தான். அதை விட்டுக் குத்தி சிம்மை வெளியே எடுத்து, டிஷ்யூ காகிதத்தில் சுற்றித் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டான்.

"டேய், அது எனக்கு வேணும்டா. காலைல சாவித்ரி ரிங் குடுப்பா."

"அம்மா, இது ரோமிங். தெரியாம ஆன்ல இருந்தா ஆயிரக்கணக்குல பில் வரும். என் ஃப்ரெண்ட் அப்பாவுக்கு நாப்பதாயிரம் வந்துச்சு."

"டேட்டா ஓடியிருக்கும். நான் அணைச்சுட்டேன். எடுக்காத ரிங்குக்கு எப்படிடா பில் வரும்?"

"நீங்க வேலை பார்த்த காலம் வேறம்மா. இப்போ எல்லாம் வேற சிஸ்டம்."

இந்த இடத்தில் லோகாக்கா நிறுத்துவார். முப்பத்தேழு வருஷம் அதே கணக்கை எழுதியவரிடம், அவர் எழுதிய சீட்டின் சம்பளத்தில் படித்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிள்ளை சொல்கிறான், வேற சிஸ்டம் என்று. அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஒன்பது மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிருதுளா நிற்கிறாள். வந்து இறங்கிய முதல் நிமிஷத்தில் மாமியார் சண்டை போட்டாள் என்று வேண்டாமே என்று அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு மரியாதைக்குத்தான் இத்தனை விலை.

வீட்டுக்குப் போனதும் மறுபடி கேட்டார். "சரி, சிம் வேண்டாம். உன் போன்ல இருந்து சாவித்ரிக்கு ஒரு நிமிஷம் கால் போட்டுக் குடு. நானே சொல்லிடறேன்."

"ஐஎஸ்டி எதுக்கும்மா? வாட்ஸப்லயே மெசேஜ் போட்டுட்டேன், பாருங்க."

"அவகிட்ட இருக்கறது பட்டன் போன்டா."

"வாட்ஸப்ல இருக்காங்களே. சாமி படம் DP வெச்சிருக்காங்க பாருங்க. அனுப்பியாச்சு."

அனுப்பியது உண்மைதான். ஒரு டிக் விழுந்திருந்தது. பீரோவுக்குள் சார்ஜ் இல்லாமல் கிடந்த போனுக்கு இரண்டாவது டிக் எங்கிருந்து விழும்? லோகாக்கா கேட்டதற்கு, "நெட் ஆன் பண்ணதும் போயிடும்" என்று சொல்லிவிட்டு அவன் காய்கறி வாங்கப் போய்விட்டான். அவன் கடையில் இருந்த நேரத்தில் அரை நிமிஷம், இந்தியாவுக்கு ஒரு சாதாரண கால். அது போதும். ஒரு காபிக் காசுகூட ஆகியிருக்காது.

இப்போது என்னைப் பற்றி. நான் யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை.

லோகாக்கா அவனை நம்பாமல் எனக்கும் ஒரு செய்தி அனுப்பினார். குரல் செய்தி, அரை நிமிஷம். ஞாயிறு மத்தியானம் என் போனுக்கு வந்து சேர்ந்தது. அவர் பக்கத்தில் இரண்டு டிக் விழுந்தது. அவர் நிம்மதியானார். ரோகிணி போய்ச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தார்.

நான் பெருங்களத்தூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் அட்மிஷன். பெற்றோர் குழு, ஆசிரியர் குழு, காலனிக் குழு, தண்ணீர் லாரிக் குழு எல்லாமாகச் சேர்ந்து அன்றைக்கு இருநூறு செய்திக்கு மேல். பூங்கொத்துப் படம், இனிய காலை வணக்கம், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் என்னென்ன நோய் போகும், காணாமல் போன பூனை. அதற்கு நடுவில் லோகாக்கா பெயரைப் பார்த்தேன். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த கதையாக இருக்கும், சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வெந்தயத்தைப் படித்தேன். அதைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையிலேயே மிருதுளாவுக்கு வலி கண்டுவிட்டது. மூவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே லோகாக்காவின் போன் வெறும் கடிகாரம். வீட்டு வைஃபை வீட்டோடு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வைஃபைக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மருமகள் பக்கத்திலிருந்து நகரவும் முடியவில்லை. ரோகிணி சொல்லியிருப்பாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டாராம்.

அன்றைக்கு ஐந்தேமுக்காலுக்கு முடிச்சூரில் சாவித்ரிக்கா ரிங் கொடுத்தார். மணி அடிக்கவே இல்லை. அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொன்னது. ஐந்து ஐம்பதுக்கு மறுபடி. ஆறுக்கு மறுபடி. ஆறரைக்குக் குமரேசனுக்குப் போன் செய்தார். "ஃப்ளைட் லேட்டாயிருக்கும் அத்தை, டென்ஷன் ஆகாதீங்க" என்றான். அதை நம்பி அந்த ஒருநாள் பொறுத்தார். பகல் முழுக்க அடித்துப் பார்த்தார். அதே பெண் குரல். என் நம்பர் அவரிடம் இல்லை. ஒன்பது வருஷமாகப் பார்த்துப் பேசுகிறேன், கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சட்டப்படி ஆறரைக்குக் கிளம்ப வேண்டியவர் மெல்போர்னுக்கு எப்படிக் கிளம்புவது?

செவ்வாய்க்கிழமையும் ஐந்தேமுக்காலுக்கு அதே குரல். ஆறரை வரைக்கும் காத்திருந்தார். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். லோகு வீட்டுக்கு எதிரில் ரோகிணி இருக்கிறாள், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று என்னைத் தேடித்தான் வந்தார். பஸ், ட்ரெயின், ஊரப்பாக்கம் ஸ்டேஷன். ஸ்டேஷனில் இறங்கி நின்று ஏழு ஐம்பத்திரண்டுக்குக் கடைசியாக ஒரு தடவை அடித்துப் பார்த்திருக்கிறார். அப்புறம் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையைக் கடக்க இறங்கினார்.

நான் எட்டேகாலுக்கு வேலைக்குப் போக அந்தப் பக்கம் வந்தேன். கும்பல். இன்றைக்கும் ட்ரெயினைத் தவறவிடப் போகிறோம் என்ற எரிச்சலோடுதான் எட்டிப் பார்த்தேன். தவறான பக்கத்தில் வந்த ஒரு பைக் தட்டிவிட்டுப் போயிருந்தது. டீக்கடைப் பெஞ்சைத் தூக்கி வந்து அதில் அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கையில் பட்டன் போன் அப்படியே இருந்தது.

"தாயி, உங்க வூட்டு ஆளா? ரொம்ப நேரமா ரோகிணி ரோகிணின்னு சொல்லிகினு கீது" என்றார் டீக்கடைக்காரர்.

சாவித்ரிக்கா என்னைப் பார்த்தார்.

"ரோகிணி, லோகு உயிரோட இருக்காளா?"

அந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு நாளாக என் கைப்பைக்குள் இருந்தது. போனை எடுத்தேன். இருநூறு செய்திக்குக் கீழே தள்ளித் தள்ளிப் போய் அதைத் தொட்டேன். நடுரோட்டில், அத்தனை பேர் நடுவில், லோகாக்காவின் குரல் சத்தமாகக் கேட்டது.

"ரோகிணி, நான் நல்லபடியா வந்துட்டேன். ஒரு உதவி. சிம்மைக் கழட்டிட்டான். உடனே முடிச்சூர் போய்ச் சாவித்ரிகிட்டச் சொல்லிடு, இல்லைன்னா அவ கிளம்பி வந்துடுவா. முட்டியோட அவளால முடியாது. நாளைலேர்ந்து உன் நம்பருக்கு ரிங் குடுக்கச் சொல்லு. மறந்துடாதேம்மா."

சாவித்ரிக்கா கண்ணை மூடிக்கொண்டார். "அப்பாடி" என்றார். முறிந்த எலும்போடு ஒரு மனுஷி அப்பாடி என்று சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த இடத்திலேயே என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இடுப்பெலும்பில் தகடு வைத்து ஆபரேஷன். குமரேசன் பெங்களூரிலிருந்து வந்து, "நான் ஃப்ளைட் லேட்டுன்னுதான் நெனச்சேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

லோகாக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று சாவித்ரிக்கா கெஞ்சினார். குழந்தை பிறக்கும் நேரம் என்றார். பெண் குழந்தை பிறந்து, லோகாக்கா வீட்டுக்கு வந்து, வைஃபைக்குள் வந்து எனக்குச் செய்தி அனுப்பினார். பேத்தியின் படம். கீழே, "சாவித்ரி ரிங் வருதா?" என்று ஒரு வரி. பொய் சொல்ல என்னால் முடியவில்லை. வாட்ஸப்பிலேயே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று, "லோகாக்கா, இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன்" என்றார். "வெச்சுடு."

அவர் எழுந்து நேராக ஷ்யாமிடம் போய்க் கையை நீட்டினாராம். பக்கத்தில் மிருதுளா இருந்தாள், குழந்தை இருந்தது, இந்தத் தடவை அவர் எதையும் பார்க்கவில்லை.

"என் சிம்மைக் குடு."

"அம்மா, இப்போ அது எதுக்கு..."

"குடு."

டிஷ்யூ காகிதத்தோடு எடுத்துக் கொடுத்தான். அந்தச் சின்னக் கம்பியை நீட்டினான், அவர் வாங்கவில்லை. காதில் இருந்த தோட்டைக் கழற்றி அதன் ஊசியால் குத்தித் தானே சிம்மைப் போட்டார். இரண்டு நிமிஷத்தில் டவர் கிடைத்தது. அப்புறம் எஸ்எம்எஸ் வந்தது. சாவித்ரிக்காவின் எண்ணைப் போட்டு, இந்த எண்ணிலிருந்து உங்களுக்கு இருபத்தாறு அழைப்புகள், கடைசி அழைப்பு காலை ஏழு ஐம்பத்திரண்டு. போன் கம்பெனிக்காரன் அனுப்பும் வழக்கமான செய்திதான். அதற்கும் காசு கிடையாது.

அதை மகன் முன்னால் வைத்து, "எண்ணிப் பாரு" என்றாராம். அவன் எண்ணவில்லை. "ஆக்ஸிடென்ட் எங்க வேணா நடக்கும்மா, இதுக்கும் சிம்முக்கும் என்ன சம்பந்தம்?" என்றான். லோகாக்கா சாவித்ரிக்காவின் நம்பரை அழுத்தி, ஒரு ரிங் விட்டு வைத்தார். இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த பட்டன் போன் அடித்து நின்றது. நான் பக்கத்தில் இருந்தேன். சாவித்ரிக்கா மல்லாந்து படுத்தபடியே போனைத் தடவி எடுத்துப் பதில் ரிங் கொடுத்தார். மருந்து மயக்கத்தில் முகம் வீங்கியிருந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

அன்றிலிருந்து மூன்று மாதமும் ஒருநாள் தவறாமல் மெல்போர்னில் பத்தேகாலுக்கு ரிங் வந்தது, பதில் போனது. குளிக்கும் குழந்தையைக் கையில் வைத்திருந்தாலும் லோகாக்கா நிறுத்திப் பதில் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலை. "அம்மா, எவ்வளவு பில் வரப்போகுதோ" என்று ஷ்யாம் ஒவ்வொரு வாரமும் சொன்னான். அவர் அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. பேத்தியைப் பார்த்துக்கொண்டார், மிருதுளாவுக்குப் பத்தியச் சமையல் செய்தார், செப்டம்பரில் திரும்பி வந்தார். வந்த அன்றே பெட்டியைக்கூடத் திறக்காமல் முடிச்சூருக்குப் போனார்.

சாவித்ரிக்கா இப்போது வாக்கர் பிடித்து அறைக்குள் நடக்கிறார். மாடிப்படி இறங்க முடியாது. கீழ்க்குடித்தனத்தைக் காலி செய்யச் சொல்லிக் கீழே வந்துவிட்டார். மழைக்காலம் வந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, அவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஐந்தேமுக்கால் ரிங் இன்னும் வருகிறது. ஆனால் சட்டத்தில் பாதி செத்துவிட்டது. ஊரப்பாக்கத்தில் லோகாக்கா தரையில் கிடந்தாலும், இனிமேல் ஆறரைக்குக் கிளம்பி வந்து கேட்டைத் தட்ட சாவித்ரிக்காவால் முடியாது. அதனால் மூன்றாவதாக நான் சேர்ந்திருக்கிறேன். எனக்கும் ரிங் வரும், நானும் பதில் கொடுக்கிறேன். பூங்கொத்துக் குழுக்களிலிருந்தெல்லாம் வெளியேறிவிட்டேன். கேட்கவேண்டியதைக் கேட்காத காதுக்கு அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தாம்பரத்தில் அதே கடைக்குப் போனேன். லோகாக்காவின் கையெழுத்து போட்ட காகிதத்தைக் காட்டி, ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் முழு பில்லையும் அச்செடுத்துக் கொடுக்கச் சொன்னேன். அதே பெண்தான் எடுத்துக் கொடுத்தாள். மாத வாடகை வழக்கம்போல. அதற்குக் கீழே வெளிநாட்டு ரோமிங் என்று ஒரு வரி. நான்கு மாதத்துக்கும் பூஜ்யம் ரூபாய் பூஜ்யம் பைசா.

அங்கேயே நின்று அந்த வரியைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுத்து ஷ்யாமுக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அச்சில் ஏறுகிற வார்த்தையாக இருந்திருக்காது. இரண்டு டிக்கும் விழுந்து நீலமாயின. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். 'சூப்பர்' என்பதற்கு எல்லோரும் போடுகிற அந்த மஞ்சள் கட்டைவிரல்.

பஸ் ஏறி நேராக முடிச்சூருக்குப் போனேன். யாரிடமாவது கத்தாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. லோகாக்காவும் அங்கே இருந்தார். சாவித்ரிக்காவின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் பில்லைக் கட்டில் மேல் போட்டேன். கட்டைவிரலைக் காட்டினேன். மூச்சு விடாமல் என்னவெல்லாமோ பேசினேன்.

லோகாக்கா தலை நிமிரவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது. சாவித்ரிக்கா பில்லை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, நான் கோடு போட்டிருந்த வரியை விரல் வைத்துப் படித்தார். பழைய பழக்கம், மற்ற வரிகளின் கூட்டலையும் சரிபார்த்தார். பிறகு மடித்து என்னிடமே நீட்டினார்.

"இதுக்கு எதுக்குடி தாம்பரம் வரைக்கும் போனே?" என்றார். "ட்ரெய்னிங்ல முதல் நாளே சொல்லிக் குடுத்துட்டாங்களே எங்களுக்கு. எடுக்காத ரிங்குக்குக் காசு கிடையாதுன்னு."